வரப்பெலியின் அரசாங்க ஆயுள்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பதினான்கு வருடம் மனிதர்களை எழுதிக்கொண்டிருந்தவளை, ஒரு நாள் எலிகளை எழுதச் சொல்லி மாற்றிவிட்டார்கள். தண்டனை ஒன்றும் இல்லை. வரப்பெலி ஆயுள் ஆராய்ச்சி நிலையத்தில் பதிவேட்டு எழுத்தர் இடம் காலியாக இருந்தது. இவளுடைய கையெழுத்து உருண்டை உருண்டையாக, அச்சடித்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான் காரணம். மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன், மனிதரோ எலியோ, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தால் சரி என்றான். அக்காதான் தொலைபேசியில் சிரித்துத் தீர்த்தாள். "நாங்க வயல்ல கம்பெடுத்து அதுங்கள விரட்டிக்கிட்டு இருக்கோம். நீ உக்காந்து அதுங்களுக்குப் பொறந்த சர்டிபிகேட் குடுக்கப் போறியா?"

நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருந்தது. அதில் நான்கு வரிகள் வெட்டியிருந்தார்கள். வரப்பெலியின் ஆயுள் மூன்று ஆண்டுகள். பருவமடைவது ஓராண்டில். ஈனுவது ஆண்டுக்கு ஒரு முறை. ஈற்றுக்கு நான்கு குட்டிகள். இயக்குநர் இளம் வயதில் எழுதிய ஆய்வேட்டின் சாரம் அது. அந்த ஆய்வுக்காக அவர் ஒரே ஒரு எலியை மரப்பெட்டியில் வைத்து, பாலும் ரொட்டியும் கொடுத்து, குளிருக்குப் பஞ்சு மெத்தை போட்டு வளர்த்தார். அது மூன்று வருடம் சுகமாக இருந்து, கொழுத்து, தூக்கத்தில் செத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உலகத்து வரப்பெலிகள் அத்தனைக்கும் அந்த ஆயுளையே எழுதி, ஈற்றுக் கணக்கை உத்தேசமாகச் சேர்த்து, பட்டம் வாங்கினார். பட்டத்துக்குப் பின்னால் நிலையம் வந்தது, நிலையத்துக்கு வாசல் வந்தது, வாசலுக்குக் கல் வந்தது. கல்லில் வெட்டியதை அழிப்பது யாராலும் ஆகாத காரியம் என்பதால் அதற்கப்புறம் எலிகள்தான் ஒத்துழைக்க வேண்டியிருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் நிலத்தைத் தகரத்தால் வளைத்து, மக்காச்சோளம் விதைத்து, எலிகளைக் காட்டில் இருக்கிற மாதிரியே இருக்க விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் காதிலும் எண் பொறித்த குட்டித் தகடு. திங்கட்கிழமைதோறும் கூண்டுக்காரர் பொறி வைத்துப் பிடிப்பார், நிறுப்பார், விடுவார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வேலை சுலபம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதல் நாளே பதிவேட்டைப் புரட்டியவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே இறந்த தேதியும் எழுதியிருந்தது. நேற்றுப் பிறந்த குட்டிக்கும் எழுதியிருந்தது. நாள், மாதம், வருடம் எல்லாம் சரியாக மூன்று ஆண்டு தள்ளி. பழைய அலுவலகத்தில் அவள் எத்தனையோ தப்புகளைப் பார்த்திருக்கிறாள். பாட்டனுக்கு முன்னால் பேரன் பிறந்ததாகக்கூட ஒரு முறை எழுதியிருந்தது. ஆனால் முன்கூட்டியே சாவை எழுதி வைத்த அலுவலகம் இதுதான் முதல்.

துணை இயக்குநரிடம் போய்க் கேட்டாள். அவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். எந்தக் கோப்பை மூடினாலும் கைக்குழந்தையைத் தூங்க வைப்பது போல மேலே இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்று வருடம் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிறகு காத்திருந்து எழுதுவது நேர விரயம் என்று அவர் விளக்கினார். பதிவேட்டைத் தட்டினார்.

இரண்டாவது வாரம் கூண்டுக்காரர் ஒரு தகரத் தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் எலியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வேறு ஆண் எலியோடு சண்டை போட்டிருக்கிறது. கழுத்தில் கடி. விறைத்துப் போயிருந்தது. எழுத்தர் அதன் பிறந்த தேதியைப் பார்த்து, கணக்குப் போட்டு, பழைய பழக்கத்தில் எழுதினாள்: இறந்தது. வயது எட்டு மாதம். காரணம் சண்டைக் காயம்.

மாலைக்குள் அழைப்பு வந்தது.

"என்னம்மா எழுதியிருக்கீங்க?" என்றார் துணை இயக்குநர்.

"செத்துப்போச்சு சார்."

"எப்படிச் சாகும்? அதுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கே."

"தட்டுல இருக்கு சார். நீங்களே வந்து பாருங்க."

"நான் பாத்தா அது என்னோட சொந்த அபிப்பிராயம் ஆயிடும். பதிவேட்டைப் பாருங்க. அதுதான் நிலையத்தோட அபிப்பிராயம்."

அப்புறம் அவர் கோபமில்லாமல், பள்ளிக்கூடத்தில் மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போல நடைமுறையைச் சொன்னார். எட்டு மாதத்தில் ஒரு வரப்பெலி அசையாமல் கிடந்தால் அதற்கு "ஓய்வில்" என்று பெயர். ஓய்விலுள்ள எலியைத் தாளில் சுற்றி, எண் எழுதி, குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று வருடம் நிறைந்த அன்று எடுத்து, ஆயுள் நிறைவு என்று எழுதி, நிலத்தின் மூலையில் புதைக்க வேண்டும். அப்போது நிலையத்தின் சார்பில் அவரே நேரில் வருவார்.

எழுத்தர் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். ஒன்றல்ல, மூன்று பெட்டிகள். நூற்று அறுபத்து மூன்று எலிகள் தாளுக்குள் படுத்துத் தங்கள் மீதி ஆயுளைக் கழித்துக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் ஊழியர்கள் மதியச் சாப்பாட்டை அதில்தான் வைப்பார்களாம். எலிகள் பெருகப் பெருகச் சாப்பாட்டு டப்பாக்கள் பீரோ மேலே ஏறிவிட்டன. கூண்டுக்காரர் பல்லிடுக்கில் குச்சியை விட்டபடி, இங்கே உசுரோட இருக்கிறதைவிட ஓய்வில் இருக்கிறதுதான் அதிகம், ஆளுங்களும் அப்படித்தான் என்றார்.

தப்பாக எழுதியதற்கு அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று வந்தது.

அது ஆந்தை விஷயம். நிலத்துக்கு நடுவில் இருந்த கம்பத்தில் ஓர் ஆந்தை குடியிருந்தது. அது தின்று, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிப்போடும். அப்படி ஒரு உருண்டைக்குள் முந்நூற்று நாற்பதின் காதுத் தகடு பளபளவென்று கிடைத்தது. ஓய்வில் என்று எழுத உடம்பு இல்லை. அவள் "ஆந்தை தின்றது" என்று எழுதினாள். எலியை ஆந்தை தின்னும் என்பதற்கு நிலையத்தின் வெளியீடு எதிலும் சான்று இல்லை என்றார் துணை இயக்குநர். பெட்டியில் பஞ்சு மெத்தையில் வளர்ந்த எலியை ஆந்தை பார்த்ததே இல்லை என்பதால் ஆய்வேட்டில் ஆந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லைதான். கடைசியில் அவரே சிவப்பு மையில் திருத்தினார்: எண் 340, இடமாற்றம்.

இரண்டு குறிப்பாணைக்கு மேல் மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். மகளுக்கு அது பள்ளி இறுதி ஆண்டு. கணவனின் பட்டறை ஆறு மாதம் ஓடும், ஆறு மாதம் படுக்கும். எழுத்தர் வாயை மூடிக்கொண்டாள். ஓய்வில், ஓய்வில், இடமாற்றம், ஓய்வில். உருண்டைக் கையெழுத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்துப் போட்டாள். முதல் வாரம் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. அப்படிப் பழகியதுதான் பின்னால் அவளை அதிகம் உறுத்தியது.

சாவுக்கே இந்தப் பாடு என்றால் பிறப்புக்குக் கேட்க வேண்டாம். கூண்டில் தனியாக அடைத்திருந்த, மூன்றரை மாதமே ஆன பெட்டை எலி ஒன்று ஒரு காலையில் ஏழு குட்டி போட்டிருந்தது. சுண்டுவிரல் பருமனில், ரோஜா நிறத்தில், கண் திறக்காத ஏழு. கல்வெட்டுப்படி ஒரு வயது ஆகாத எலி ஈனாது. ஈன்றாலும் நான்குதான். ஆகவே அந்த ஏழும் அங்கே பிறக்கவில்லை, வெளியிலிருந்து நுழைந்திருக்கின்றன என்று முடிவானது. பூட்டிய கூண்டுக்குள் ஏழு அன்னியர்களை அனுமதித்ததற்கு விளக்கம் கேட்டுக் கூண்டுக்காரருக்கு ஓலை போனது.

அவருக்கு எழுத வராது. எழுத்தரிடம் வந்து உட்கார்ந்தார். "எழுதும்மா. அதுங்களுக்குக் கண்ணே தெறக்கல, காலும் நிக்கல. சுவரேறிக் குதிச்சு, ஆபீசைக் கடந்து, பூட்டைத் தெறந்து வந்துச்சுன்னா எனக்கு ஏன் தண்டனை? அதுங்களுக்குப் பதக்கம் குடுங்கன்னு எழுது."

கொஞ்சம் மரியாதையாக மாற்றித்தான் எழுதினாள். பதில் இயக்குநர் அறையிலிருந்தே வந்தது. குட்டிகள் நுழைந்ததற்குத் தடயமே இல்லை என்பது அவை எவ்வளவு தந்திரமாக நுழைந்திருக்கின்றன என்பதையே காட்டுகிறது, எனவே காவலை இரட்டிப்பாக்கவும். ஆள் இல்லாததால் பகலில் காவல் காத்த கூண்டுக்காரரே தனக்குத் தானே இரண்டாவது காவலாளியாக நியமிக்கப்பட்டு, இரண்டு இடத்தில் கைநாட்டு வைக்க ஆரம்பித்தார்.

இதெல்லாம் சுவருக்குள் நடந்தவரை சிரித்துவிட்டுப் போகலாம். சுவருக்கு வெளியே அக்காவின் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் இருந்தது.

எலி மருந்தை யாரும் கடையில் வாங்கக் கூடாது, நிலையம் சொல்கிற நாளில் கிடங்கில்தான் வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. வரப்பெலி ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறைதான் கிடங்கு திறக்கும். ஒரு வாரம். மீதி ஐம்பத்தொரு வாரமும் பூட்டு. அந்த வருடம் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் அக்கா வயலில் எலி இறங்கியது. கணுக்காலுக்கு மேலே தட்டையைக் கத்தரித்துச் சாய்த்து, கதிரை முழுசாக வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது. அத்தான் ஒரே வரப்பில் அறுபது வளை எண்ணினார். பக்கத்து வயல்காரர்களுக்கும் அதே கதி. மருந்து கேட்டால் கிடங்குக்காரர் கல்வெட்டின் நகலைக் காட்டினார்.

இருபது பேர் சேர்ந்து நிலையத்துக்கே வந்துவிட்டார்கள். அக்கா முன்னால் நின்றாள். கையில் ஒரு சாக்கு. இயக்குநர் படியில் இறங்கி வந்தார். வெள்ளை முடி, கனிவான முகம். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

அக்கா சாக்கை அவிழ்த்து அவர் காலடியில் கொட்டினாள். ஒரே வளையில் தோண்டியெடுத்த தாயும் ஒன்பது குட்டிகளும். போன மாதம் இதே வளையில் எட்டு எடுத்தோம், ஆண்டுக்கு ஒன்று என்றால் இது எந்த ஆண்டு என்று கேட்டாள்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இது வரப்பெலி இல்லை. வரப்பெலி வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஈனும், நாலுதான் போடும். இது மாசாமாசம் ஒன்பது போடுதுன்னா இது வேற ஏதோ ஜந்து. வேற ஜந்துக்கு இந்த நிலையத்துல இடம் இல்லை. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு வரப்பெலிகூட என்னை ஏமாத்தினது கிடையாது. ஏன்னா நான் அதுங்களை நேர்ல பாக்கறதில்லை. நேர்ல பாத்தா பாசம் வந்துடும், ஆராய்ச்சி கெட்டுடும்."

துணை இயக்குநர் கை தட்டினார். அக்கா தங்கையைத் தேடிப் பார்த்தாள். எழுத்தர் ஜன்னலுக்குப் பின்னால் பதிவேட்டோடு நின்றாள். அக்கா காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனாள். அந்த விளைச்சலில் அவர்கள் வீட்டுக்கு வந்தது தட்டையும் சக்கையும்தான்.

அன்றைக்கு மறுநாள் எழுத்தர் மகளுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நிலையத்தின் பதிவேட்டில் நிலையத்துக்கு வேண்டியதை எழுதிவிட்டு, நோட்டில் நடந்ததை எழுதினாள். கூண்டுக்காரர் முதலில் முறைத்தார். இரண்டாவது நாள் தானாகவே விவரம் சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருடமாக யாரும் அவரிடம் உண்மையைக் கேட்டதில்லை. கேட்டதும் கொட்டித் தீர்த்தார்.

ஒன்றரை வருடத்தில் நோட்டு நிறைந்தது. பெட்டை சினையாகி இருபத்து மூன்றாம் நாள் ஈனுகிறது. ஆறு முதல் பத்துக் குட்டி. இரண்டு வாரத்தில் கண் திறக்கும். நான்கு வாரத்தில் பால் மறக்கும். மூன்று மாதத்தில் அந்தக் குட்டியே தாய். ஈன்ற கையோடு திரும்பச் சினையாகிறது. நூறு குட்டியில் பாதி மூன்று மாதத்தைத் தாண்டுவதில்லை. ஆந்தை, பாம்பு, வளைக்குள் தண்ணீர், சொந்த இனத்தின் பல். எட்டாவது மாதத்தில் நூறுக்கு ஒன்பது மிச்சம். ஒரு வருடத்தைத் தாண்டியவை இரண்டு. மூன்று வருடம் இருந்தது ஒன்றுகூட இல்லை.

ஒரு மதியம் எல்லாவற்றையும் அவள் கூட்டிப் பார்த்தாள். பயிரைத் தின்கிற சனியன்கள்தான். ஆனாலும் இவ்வளவு துளி ஆயுளுக்குள் பிறந்து, வளை தோண்டி, சேர்த்து வைத்து, பெற்று, போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஓய்வெடுக்க அவற்றுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. ஓய்வெல்லாம் ஆபீசில்தான் இருந்தது.

நோட்டை அக்காவிடம் கொண்டுபோனாள். அக்கா ஜன்னல் விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை, இவளும் பேசவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இருபத்து மூன்று நாளுக்கு ஒரு ஈற்று என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மடக்க வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும், ஆகவே எல்லாரும் ஒரே நாளில். மருந்தே வேண்டாம். முதல் நாள் எல்லா வளையையும் மண்ணால் மூட வேண்டும். மறுநாள் எந்த வளை திறந்திருக்கிறதோ அதில் ஆள் இருக்கிறது. அங்கே பொறியும் தண்ணீரும் மண்வெட்டியும் போதும். விதைப்புக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். அத்தான் தேதிகளை எழுதி வீடு வீடாகக் கொடுத்தார். முதல் முறை ஏழு பேர் வந்தார்கள். மூன்றாம் முறை ஊரே வந்தது.

இந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்கு ஒரு மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மூன்று வயது நிறைந்த வரப்பெலி ஒன்றை உயிரோடு பார்க்க அவர் ஆசைப்பட்டார். பெரிய ஆசையா என்றால் இல்லை. ஆனால் இருக்கிற மூன்று வயது எலிகள் அத்தனையும் தாளுக்குள் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன.

இயக்குநர் பதறவில்லை. பதிவேட்டில் மூத்தது எது என்று கேட்டார். பத்தொன்பது, ஆண் என்றாள் எழுத்தர். பத்தொன்பதைக் கொண்டுவாருங்கள் என்றார். பத்தொன்பது பெட்டிக்குள் போய் இரண்டேகால் வருடம் ஆகிறது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கூண்டுக்காரர் தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை அகப்பட்டதிலேயே பெருத்த ஒன்றைப் பிடித்து, காதில் பத்தொன்பதை மாட்டி, மீசையில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினார். அவசரத்தில் வேறெதையும் பார்க்கவில்லை.

கூட்ட அறையில் கண்ணாடிப் பெட்டி, அடியில் சிவப்பு வெல்வெட்டு. மேலதிகாரி நடுவில் உட்கார்ந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். அமைதியான வாழ்வு, கட்டுப்பாடான குடும்பம், நிலையத்தின் அரவணைப்பு, இவைதான் இந்தப் பெரியவரின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று ஆரம்பித்தார். இருபது நிமிடம் கடந்தது. பெட்டிக்குள் பெரியவர் வெல்வெட்டைப் பல்லால் கிழித்துக் குவித்தார். பிறகு சுருண்டு படுத்தார். பிறகு ஒவ்வொன்றாக எட்டுக் குட்டிகளைப் போட்டார்.

மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துணை இயக்குநர் தட்டுவதற்கு ஒரு கோப்பைத் தேடினார். இயக்குநர் மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மைக்கைத் திரும்ப எடுத்தார்.

"இதை உங்க முன்னிலையில வெளியிடணும்னுதான் காத்திருந்தோம். வரப்பெலி இனத்துல ஆண், மூணு வயசு நிறைஞ்சதும் ஈனும் தகுதியை அடையுது. இது நிலையத்தோட புதிய கண்டுபிடிப்பு."

மேலதிகாரி கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். எழுத்தர் எழுந்து நின்றதை அவளே எதிர்பார்க்கவில்லை.

"சார், அது பெட்டை. செவ்வாக்கிழமை பிடிச்சது. வயசு அஞ்சு மாசம்கூட இருக்காது. பத்தொன்பது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

மேலதிகாரி கோபப்படவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"பத்தொன்பது. ஆண். ஓய்வில். போன மாசம் வரைக்கும் அப்படித்தான் எழுதியிருக்கு. இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார்."

"அழகா இருக்கு. நீங்க எழுதினதை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படிம்மா நம்பறது?"

நல்ல மனிதர் போல அதையும் கனிவாகத்தான் கேட்டார். பொய் அவர்களுடையது, ஆனால் எழுத்து அவளுடையது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாவது குறிப்பாணை எப்படியும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளை நீக்கினால் அவள் எழுதிய பதிவேடுகளை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், பார்த்தால் சிக்கல் என்று துணை இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். கல்வெட்டில் ஐந்தாவது வரி ஒன்று சேர்ந்தது. அதை வெட்ட வந்த கல்தச்சர், ஆண் ஈனும் என்பது எழுத்துப்பிழையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உளியை வைத்தார்.

அடுத்த விளைச்சலில் அக்கா ஊரில் எலி கிட்டத்தட்ட இல்லை. கதிர்கள் முழங்கை நீளத்துக்கு நின்றன. செய்தி எப்படியோ நிலையத்துக்கு எட்டியது. ஆண்டுக்கு ஒரு முறை மருந்து என்ற அட்டவணையின் வெற்றி இது என்று அறிக்கை வெளியானது. அந்த வருடம் கிடங்கின் சாவி தொலைந்து, கிடங்கு திறக்கவே இல்லை என்பது அறிக்கைக்குத் தெரியாது. வெற்றியைக் கொண்டாட, அக்கா ஊரிலேயே ஒரு விழா. எழுத்தரும் போக வேண்டும். வந்தவர்களின் எண்ணிக்கையை எழுத வேண்டும்.

வயலோரத்தில் துணிப்பந்தல் போட்டு ஐநூறு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் பேச ஆரம்பித்தார். எலியை ஒழித்தது மருந்து அல்ல, அறிவு என்றார். அந்த அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விவசாயி வளையைப் பார்க்கக் கூடாது, வாசலில் உள்ள கல்லைப் பார்க்க வேண்டும் என்றார்.

விழாவுக்கு நாள் குறித்தவர்கள் அன்றைக்கு எலி மடக்கும் மூன்றாவது வாரத்துச் செவ்வாய் என்பதைக் கவனிக்கவில்லை. முந்தின நாள் ஊரார் எல்லா வளையையும் மூடி வைத்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் திறந்த வளையைத் தேட வேண்டும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தான் எழுந்தார். இருமல் வந்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே நாலு பேர். பிறகு ஒரு வரிசை. யாரும் சத்தம் போடவில்லை, நாற்காலியைக்கூட இழுக்கவில்லை. அக்கா போகும்போது தங்கையின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். இயக்குநர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிற வழக்கமுள்ளவர்.

துணை இயக்குநர் எழுத்தரிடம் குனிந்து, "ஐநூறுன்னு எழுதுங்க" என்றார்.

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு எழுதினாள்: வந்திருந்தவர்கள் நான்கு பேர். இயக்குநர், துணை இயக்குநர், புகைப்படக்காரர், எழுத்தர். கீழே உருண்டை உருண்டையாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, மை காய ஊதி, பதிவேட்டை அவர் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"எண்ணிப் பாத்து எழுதியிருக்கேன் சார்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள். வயல் முழுக்கத் தலைகள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கி, இந்தப் பெருந்திரளான கூட்டத்துக்கு நன்றி என்றது. அக்கா நிமிர்ந்து பார்த்து, தன் மண்வெட்டியை இவளிடம் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு எட்டு வைத்ததும் காலடியில் ஒரு வளை. நேற்று மூடிய மண்ணை யாரோ உள்ளிருந்து தள்ளி வெளியே குவித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அக்கா, இங்க ஆள் இருக்கு" என்றாள்.